ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

தியானம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். வடிவாம்பிகை அம்மா வழக்கம்போல, "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

கோதண்டபாணி கையைத் தூக்கினார்.

"கேளுங்க சார்."

"சைக்கிளுக்கு ஸ்பிரிங் சீட் நல்லதாம்மா, ஜெல் சீட் நல்லதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. போன வாரம் கோதண்டபாணி கியர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம் ஹேண்டில் பாரின் உயரம். மனசு எங்கே போகிறது என்று கவனியுங்கள் என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லி முடித்தால், இந்த மனுஷனுக்கு மனசு நேரே சைக்கிள் கடைக்குப் போகிறது.

"உக்காந்து பாருங்க. எது ஒத்துக்குதோ அதை வாங்குங்க."

"பாத்துட்டேம்மா. ரெண்டுமே ஒத்துக்குது. அதான் குழப்பம்."

ஓட்டேரியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது அந்தக் கூடம். கீழே மிளகாய் அரைத்தால் மேலே தியானம் தும்மலில் முடியும். அம்மாவுக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். கோதண்டபாணி ரிட்டயர்மென்ட்டை எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர். இருந்தாலும் அவர் 'அம்மா' என்பார், இவர் 'சார்' என்பார். அம்மா அமைதியைப் பற்றி நன்றாகப் பேசுவார். அவருக்கே அது கொஞ்சம் கம்மி என்பது அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சைக்கிள் வாங்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் கோதண்டபாணியின் அண்ணன் புருஷோத்தமன்.

அண்ணனுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அயனாவரத்தில் வீடு. கோதண்டபாணிக்குக் கொளத்தூரில் ஜாகை, மவுண்ட் ரோடில் ஆபீஸ். பஸ்ஸில் போய் வருகிற வழியில்தான் அயனாவரம். ஆனால் அண்ணன் முகத்தில் விழித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அண்ணன் நேரில் வந்து அழைக்கவில்லை. பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து, "வாடா" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரான் வீட்டுக்கெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர், கூடப் பிறந்த தம்பிக்குக் கூரியர்! கோதண்டபாணி கல்யாணத்துக்குப் போகவில்லை. கூப்பிடாத வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவர் சொன்னவர்தான்.

பக்கவாதம் வந்த பிறகு அண்ணிதான் போன் செய்தார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் தம்பி என்று அழுதார். கோதண்டபாணிக்கு மனசு கேட்கவில்லை, காலும் எழவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சைக்கிள் வாங்கப் போறேன் அண்ணி. பஸ்ஸுல இறங்கி ஏறி வர்றது தோதுப்படாது. சைக்கிள் வந்துட்டா ஆபீஸ் விட்டு வர்ற வழியில தினமும் ஒரு எட்டு பாத்துடுவேன்."

அண்ணி அதை அப்படியே அண்ணனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தினமும் இடது கைக் கட்டைவிரலை, சைக்கிள் பெல் அடிப்பது மாதிரி ஆட்டிக் காட்டுகிறாராம். வாங்கிட்டானா என்று அர்த்தமாம்.

இதையெல்லாம் கோதண்டபாணியே அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதனாலதாம்மா, தினமும் ஓட்டற வண்டி, இடுப்பு பிடிக்காத மாதிரி பாத்து எடுக்கணும்னு நினைக்கறேன்" என்றார்.

அம்மா என்ன சொல்வார்? "நல்லா பாத்து எடுங்க" என்றார். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு எத்தனையோ தடவை தன்னையே நொந்துகொண்டார்.

சித்திரை போய் வைகாசியும் பாதி போனது. சீட் முடிந்து டயர் வந்தது. டயர் முடிந்து மறுபடி சீட் வந்தது.

"எந்த சைக்கிள்ல ஏறினாலும் முதுகு உங்களோடதுதானே சார்!" என்று ஒருநாள் அம்மா வெடித்தார்.

கோதண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். "உண்மைதாம்மா. அப்ப முதல்ல முதுகைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும், இல்லையா?"

"ஐயோ, நான் அதைச் சொல்லல."

"பின்ன நீங்களே வந்து ஒண்ணை எடுத்துக் குடுத்துடுங்கம்மா. நீங்க கை வெச்சது எதுவா இருந்தாலும் மறுபேச்சு இல்ல."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடை அடுத்த தெருவில்தான். கோதண்டபாணி வருவதைப் பார்த்ததும் கடைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

கோதண்டபாணிக்கு அந்தக் கடையில் எது எங்கே இருக்கிறது என்று அத்துப்படி. ஒரு வண்டியை இழுத்து ஸ்டாண்டு போட்டார். ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். தரையில் படாத பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது. தியானத்தில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு லயிப்பை அம்மா பார்த்ததில்லை.

"முதுகு நேரா இருக்கு. மணிக்கட்டும் நோகல. சுகம்மா இது."

"அப்ப எடுங்க."

"ரோட்டுல எப்படி இருக்குமோ?"

கடைக்காரர் போனைக் கீழே வைத்தார். "ஓட்டிப் பாருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேம்மா. இவரு ஸ்டாண்டுல இருந்து எறங்கவே மாட்டேங்கறாரு."

"டிராஃபிக் பாருங்கம்மா" என்றார் கோதண்டபாணி.

அம்மா கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். குறுக்குக் கம்பி இல்லாத வண்டி ஒன்று இருந்தது. அகலமான ஸ்பிரிங் சீட், உயர்ந்த ஹேண்டில், பின்னால் கேரியர்.

"இது."

"லேடீஸ் வண்டிம்மா இது!"

"கம்பிக்கு மேல காலைத் தூக்கிப் போட முடியலன்னு அன்னிக்கு யாரு சார் சொன்னது?"

வண்டி வாங்கியாயிற்று. அப்பாடா என்றிருந்தது அம்மாவுக்கு. கோதண்டபாணி அதைக் கைக்குழந்தை மாதிரி தள்ளிக்கொண்டு மாவு மில் வரைக்கும் வந்தார். வந்து, மாடிப்படிக்குக் கீழே ஸ்டாண்டு போட்டார்.

"ஏன் சார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையா? அண்ணனைப் பாத்துட்டு அப்படியே போங்களேன்."

"இன்னிக்கு அஷ்டமிம்மா."

அஷ்டமி போயிற்று. அடுத்த நாள் மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வெயில். கோதண்டபாணி பஸ்ஸில் வந்தார், பஸ்ஸில் போனார். சைக்கிள் படிக்குக் கீழே மாவு படிந்து நின்றது.

பிறகு ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிடுவார். சைக்கிளைத் துடைப்பார். ஸ்டாண்டைத் தட்டாமலே ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பிப்பார்.

அன்றைக்கு அம்மா பூ வாங்கிக்கொண்டு வந்தபோது சட்டையெல்லாம் நனைய மிதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போயிட்டிருக்கீங்க?"

குத்தல் அவருக்கு உறைக்கவே இல்லை. "எங்கயும் இல்லம்மா. உடம்புக்குப் பழக்கமாகட்டும்னு. முட்டி எப்படி மடங்குது பாருங்க, நேத்து இந்த அளவு மடங்கல."

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது. மில் சத்தத்தில் காதில் விழாதென்று ஸ்பீக்கரைப் போட்டார். கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"தம்பி, வண்டி வாங்கிட்டீங்களாமே? உங்க வீட்டுல சொன்னா." அண்ணியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அவர்கிட்ட சொல்லிட்டேன். காலையிலேர்ந்து விரலை ஆட்டிக்கிட்டே இருக்காரு. எங்க இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன் அண்ணி" என்றார் கோதண்டபாணி.

இந்த ஊரில் பாத்ரூமில் இருந்துகொண்டு சொல்கிற பொய்தான் அது. யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பதற்றத்தில் கை பட்டு பெல் வேறு அடித்துவிட்டது.

"பெல் கேக்குது! ஏங்க, உங்க தம்பி வந்துகிட்டிருக்காரு, பெல் சத்தம் கேட்டுச்சு எனக்கு!" என்று அண்ணி அந்தப் பக்கம் கத்தினார். பிறகு குரல் உடைந்தது. "தம்பி, அவருக்குச் சட்டை மாத்தி வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வெக்கறேன். வண்டியைப் பாத்து ஓட்டிட்டு வாங்க. அவசரமே இல்ல."

போன் அணைந்தது. கோதண்டபாணி மிதிப்பதை நிறுத்தினார். சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சும்மா."

"இப்ப போவீங்கதானே?"

"வகுப்பு இருக்கே... நாளைக்குக் காலையில நல்லா இருக்கு, அப்ப..."

அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அங்கே ஒரு மனுஷனைத் தூக்கிப் பிடித்துச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆள் இங்கே நல்ல நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறைந்துவிடலாம் போலிருந்தது. கையில் இருந்த பூவைப் படியில் வைத்தார்.

"எறங்குங்க."

"அம்மா?"

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

அவர் இறங்கினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை முன்னால் ஒரு தள்ளு தள்ளினார். டக்கென்று ஸ்டாண்டு மேலே ஏறியது.

"எங்கம்மா போறீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன்னு சொல்லியாச்சு. வாசல்ல நாற்காலி போட்டாச்சு. வண்டியாவது போய்ச் சேரட்டும்."

ஏறி மிதித்துவிட்டார். சைக்கிள் ஓட்டி வருஷக்கணக்காகிவிட்டது. வண்டி இரண்டு தரம் தள்ளாடி, ஒரு ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கி, பிறகு நேரானது. தெருமுனைக்கு வந்த பிறகுதான் தனக்கு வழி தெரியாது என்பது ஞாபகம் வந்தது. காலை ஊன்றி நின்றார். பின்னால் செருப்புச் சத்தம் தபதபவென்று வந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

"லெஃப்டும்மா... அம்மா நில்லுங்க, வண்டியைக் குடுங்க, நானே போறேன்..."

"லெஃப்டா? சரி."

அடுத்த முனையில் மறுபடி நின்றார். கோதண்டபாணி தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று பார்த்தது. புடவை கட்டிய ஒரு பெண் சைக்கிளைத் திருடிக்கொண்டு போகிறாள், வண்டிக்காரர் துரத்துகிறார் என்றே நினைத்திருப்பார்கள். ஒருத்தர் குறுக்கே வந்து மறிக்கப் பார்த்தார். "விடுங்க சார், எங்கம்மா அவங்க!" என்று கோதண்டபாணி கத்தியதில் அவர் குழம்பிப்போய் விலகினார்.

"இப்ப?"

"ரைட்டும்மா. பேங்க்கைத் தாண்டி... முதல் சந்து."

சந்துக்குள் திரும்பி அம்மா பிரேக் பிடித்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா. அந்தப் பச்சை கேட்டு."

அம்மா கேட்டைப் பார்த்தார். கோதண்டபாணியைப் பார்த்தார். தனக்கு இன்னும் நெற்றி கூட வேர்க்கவில்லை. அண்ணன் வீடு அயனாவரத்தில் எங்கேயோ ஒரு கோடியில் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"இவ்வளவு கிட்டவா?"

"ஆமாம்மா."

"வாரத்துல பாதி நாள் நம்ம கூடத்துக்கு வந்துட்டுப் போறீங்களே சார். நடந்தே வந்திருக்கலாமே!"

கோதண்டபாணி முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார்.

கேட்டுக்கு உள்ளே, வாசற்படிக்கு மேலே, பிளாஸ்டிக் நாற்காலியில் புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. அவசரத்தில் பொத்தானை ஒன்று விட்டு ஒன்றில் மாட்டியிருந்தார்கள். யாரோ ஒரு பெண் சைக்கிளோடு வந்து நிற்பதைப் பார்த்து விழித்தார். பிறகு அம்மாவுக்குப் பின்னால் தம்பியைப் பார்த்தார். இடது கை தொடையிலிருந்து மேலே வந்தது.

"வாங்க தம்பி! வாங்கம்மா, உள்ள வாங்க" என்று அண்ணி ஓடி வந்து கேட்டைத் திறந்தார்.

கோதண்டபாணி நகரவில்லை. கேட்டுக்கு வெளியே, கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டார். கண் அண்ணன் முகத்திலேயே இருந்தது. அவர் எதற்காக நிற்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அண்ணி கூப்பிட்டால் ஆச்சா? அண்ணன் கூப்பிட வேண்டும். அந்த வாய் திறந்து 'வா' என்று ஒரு வார்த்தை வர வேண்டும்.

உள்ளே போய்த் தொலையேன்யா என்று அம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. வாயைத் திறந்தார். "வ்..." என்றார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நிறுத்தினார். மறுபடி, "வ்... வ்..." என்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சத்தம் அதற்கு மேல் வரவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

கோதண்டபாணி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கால் செருப்பு வெளியிலேயே கிடந்தது. தன் கைக்குட்டையை எடுத்து அண்ணன் வாயைத் துடைத்தார். அது வேர்வையில் நனைந்திருந்ததால் சட்டை நுனியால் இன்னொரு தரம் துடைத்தார்.

"போதும்ணே" என்றார். "போதும்ணே, விடு."

அண்ணன் இடது கையால் தம்பியின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவில்லை. கோதண்டபாணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பூட்டி, சாவியைப் படியில் கோதண்டபாணிக்குப் பக்கத்தில் வைத்தார். மில் மாடியில் வகுப்புக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சந்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது பின்னால் கேட் சத்தம் கேட்டது.

கோதண்டபாணி வந்து நின்றார். முடியெல்லாம் கலைந்து கிடந்தது. அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

சீட்டைப் பற்றிக் கேட்டால் இங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊரை விட்டே போய்விடுவது என்று அம்மா முடிவு செய்துகொண்டார். "கேளுங்க."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தாம்மா ஆறு வருஷம் வீம்பா இருந்தேன். இப்ப அவர் சொல்லணும்னு தவிக்கிறார், வர மாட்டேங்குது. பாக்க முடியலம்மா என்னால. நீ சொல்லவே வேணாம்ணே, எனக்கு அது வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

அம்மாவின் முகத்தில் இருந்த கடுகடுப்பு கொஞ்சம் இறங்கியது.

"வேண்டாம்னு சொல்லாதீங்க சார். அவர் சொல்லி முடிக்கட்டும். தினமும் வந்து பக்கத்துல உக்காந்து கேளுங்க."